தோசைக்கல் தேய்க்க வாங்கின பச்சை உறை

2019 ஜனவரில உல்சான் போய் இறங்கின மொத வாரம். தென்கொரியாவுல காருக்குப் பேர் போன ஊரு அது, நம்ம வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனில வேலை, பதினோரு மாசம் அங்க போய் இருந்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க, நானும் பையனும் பின்னாலேயே மூட்டையக் கட்டிட்டோம். புளி, உளுந்து, சாம்பார் பொடி, ஒரு இரும்பு தோசைக்கல்லு வரைக்கும் ஞாபகமா எடுத்துட்டுப் போனவ, பாத்திரம் தேய்க்கிற நாரை மறந்துட்டேன். தெருமுனைல எல்லாத்தையும் ஆயிரம் ரெண்டாயிரம் வோனுக்கு விக்கிற கடை ஒண்ணு இருந்துச்சு, அதுல தேடுனா பளிச்சுன்னு பச்சைக் கலர்ல, கையை உள்ள நுழைக்கிற மாதிரி ஒரு சின்ன உறை. தொட்டுப் பார்த்தா சொரசொரன்னு உப்புத்தாள் கணக்கா இருக்கு. 1000 வோன், அப்போ நம்ம காசுக்கு அறுபது ரூபா சொச்சம். ஆஹா, கொரியாக்காரன் எவ்ளோ யோசிச்சிருக்கான், நகத்துல கரி ஏறாம தேய்க்கலாமேன்னு வாங்கிட்டு வந்து நாலு நாள் தோசைக்கல்லைப் போட்டு வறட்டு வறட்டுன்னு தேய்ச்சேன். நல்லாவே போச்சு கறை.

அஞ்சாம் நாள் மேல் வீட்டு அக்கா ஒரு தட்டுல அரிசி மாவுப் பலகாரம் கொண்டு வந்தாங்க. அங்க ஒரு பொண்ணு தன்னை விட மூத்த பொண்ணை 'ஒன்னி'ன்னு கூப்பிடணும். எனக்கு வாய்ல அண்ணின்னுதான் வந்துச்சு, அவங்களும் திரும்பிப் பார்த்தாங்க, சரின்னு அப்படியே விட்டுட்டேன். அப்பாவுக்கு அப்பா, அம்மாவுக்கு ஒம்மா, நீக்கு நீ, புல்லுக்கு புல், பாதி பாஷை நமக்கே தெரிஞ்ச மாதிரி ஒரு பிரமை, மிச்சத்தை போன்ல இருக்கற ட்ரான்ஸ்லேட்டர் பார்த்துக்கும். அண்ணி மொத வேலையா என் வயசைக் கேட்டாங்க. யார் மூத்தவங்கன்னு தெரிஞ்சாத்தான் எப்படிப் பேசறதுன்னே அவங்களுக்குத் தெரியும். முப்பத்தாறுன்னேன். இல்ல, எங்க கணக்குல உனக்கு முப்பத்தெட்டுன்னாங்க. அப்போ அங்க பொறந்தவுடனே ஒரு வயசு, அப்புறம் ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாந்தேதிக்கும் ஒரு வயசு. (2023லதான் சட்டம் போட்டு ஊர் உலகம் மாதிரி எண்ண ஆரம்பிச்சாங்க.) கொரியா க்ரீம் தடவி வயசைக் குறைக்கறதெல்லாம் அப்புறம், ஏர்போர்ட்ல இறங்கினதுமே ரெண்டு வயசு ஏத்திவிட்டுட்டாங்க.

அப்படியே பேசிக்கிட்டே சிங்க் பக்கம் திரும்பினவங்க, குழாய்ல தொங்கிக்கிட்டிருந்த பச்சை உறையப் பார்த்துட்டாங்க. ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் தட்டைக் கீழ வச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. உறையக் கைல மாட்டி, தன்னோட முழங்கைல வரட் வரட்னு தேய்ச்சுக் காமிச்சு, என்னைக் கை காமிச்சு, போன்ல ஏதோ டைப் பண்ணி நீட்டினாங்க. "இது உடம்பு"ன்னு வந்துச்சு.

அது பேரு இத்தாலி டவல். ஆனா இத்தாலிக்காரனுக்கு இப்படி ஒரு சாமான் இருக்கறதே தெரியாது. 1960கள்ல பூசான்ல ஒரு நெசவுக் கம்பெனி இத்தாலில இருந்து விஸ்கோஸ் ரேயான் துணி வரவழைச்சிருக்கு, அது எதுக்கும் லாயக்கில்லாம சொரசொரன்னு இருந்திருக்கு, என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சு, கடைசில முதுகு தேய்க்க நல்லாருக்கேன்னு பை மாதிரி தைச்சு வித்திருக்காங்க. இன்னிக்கு இது இல்லாத வீடே அங்க கிடையாது, நம்ம வீட்டு பீர்க்கங்கூடு மாதிரி. பீர்க்கங்கூடுன்னா வேற எதும் இல்ல, பீர்க்கங்காய் முத்திக் காய்ஞ்ச நார்தான், எங்க ஆச்சி அதை வச்சுத்தான் எங்க முதுகுத் தோலை உரிப்பா.

அந்த ஞாயித்துக்கிழமையே அண்ணி என்னை மோக்யோக்தாங் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொதுக் குளியல் வீடு. சிவப்பு செங்கல் கட்டிடம், உசரமா ஒரு புகைக்கூண்டு, வாசல்ல வட்டத்துக்கு மேல மூணு ஆவி நெளியற மாதிரி ஒரு குறி. உள்ள 6000 வோன் கட்டினதும் லாக்கர் சாவியும் ரெண்டு டவலும் குடுத்தாங்க. டவல்னா என்ன நினைச்சீங்க, பையனுக்கு மூக்கு தொடைக்கிற சைஸ். ஆம்பளைங்க பக்கம் டவல் எவ்ளோ வேணா எடுத்துக்கலாமாம், பொம்பளைங்க பக்கம்தான் எண்ணிக் குடுக்கறாங்க, ஏன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறாங்கன்னு அண்ணி வெக்கமே இல்லாம சொன்னாங்க. எனக்கு அந்த நிமிஷத்துல அந்த ஊர் மேல ஒரு பாசமே வந்துருச்சு.

பாசம் லாக்கர் ரூம் வரைக்கும்தான். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. தாமிரபரணில குளிச்சு வளர்ந்தவ. எங்க ஊர்ல படித்துறைல நூறு பொம்பளைங்க நின்னாலும் பாவாடைய நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டிக்கிட்டு, ஈரப் பாவாடைக்குள்ளயே சோப்புப் போட்டு, ஒரு இஞ்ச் தெரியாம துணி மாத்தற வித்தைய ஏழு வயசுலயே கத்துக்கிட்டோம். அந்த வித்தையெல்லாம் இங்க செல்லாது. துணியோட தொட்டிக்குள்ள இறங்கக்கூடாதுன்னு ரூல். சுத்திப் பார்க்கறேன், பாட்டி, அம்மா, பேத்தின்னு மூணு தலைமுறை, பொறந்த மேனிக்கு, ஏதோ ரேஷன் கடை வரிசைல நிக்கற மாதிரி சர்வசாதாரணமா நடந்து போறாங்க. நான் அந்த மூக்குத் தொடைக்கிற டவலை மேல பிடிக்கவா கீழ பிடிக்கவான்னு ஒரு அஞ்சு நிமிஷம் போராடிப் பார்த்துட்டு, கடைசில அதால மூஞ்சிய மூடிக்கிட்டேன். அடையாளம் தெரியாம இருந்தாப் போதும்னு. ஆனா அந்த ஊர்லயே மாநிறமா இருந்த ஒரே பொம்பளை நான்தான்.

என்ன ஆச்சரியம்னா என் உடம்பை ஒருத்தர் கூட பார்க்கல. பார்த்ததெல்லாம் கழுத்துல. தாலிச்செயினைக் கழட்ட மனசில்லாம அப்படியே போயிருந்தேன். ஒரு பாட்டி கிட்ட வந்து செயினை ரெண்டு விரலால தூக்கி எடை பார்த்துட்டு "ஜின்ஜா?"ன்னாங்க. நெஜமாவான்னு அர்த்தம். தங்கம்தான்னு அண்ணி சொன்னதும் தொட்டில இருந்த அத்தனை பாட்டியும் கிட்ட வந்துட்டாங்க. அப்புறம் நீராவி ரூமுக்குள்ள போனப்பத்தான் அந்தத் தங்கம் தான் யாருன்னு எனக்குக் காமிச்சுச்சு, ரெண்டு நிமிஷத்துல செயின் காய்ச்சின கம்பி மாதிரி சுட ஆரம்பிச்சு, நான் தாலிய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு "ஸ்ஸ்ஸ்"னு வெளிய ஓடி வர, பாட்டிங்கள்லாம் அது ஏதோ எங்க ஊர் சாங்கியம்னு நினைச்சுட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். தொட்டில குறைஞ்சது இருபது முப்பது நிமிஷம் ஊறணும். சும்மா இல்ல, தோலோட மேல் அடுக்கு ஊறி உப்பினாத்தான் செத்த செல்லு எல்லாம் பேந்து வரும், விரல் நுனி சுருங்கிப் போயிருக்கான்னு அண்ணி ரெண்டு தடவை செக் பண்ணாங்க, ஊறப் போட்ட உளுந்தை நசுக்கிப் பார்ப்போமே, அதே மாதிரி. அதுக்கப்புறம் மூலைல ரோஸ் கலர் ரெக்சின் போட்ட கட்டில் பக்கம் அனுப்பினாங்க. அங்கதான் அந்த அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. அறுபது வயசு இருக்கும். கறுப்பு உள்ளாடை மட்டும்தான் யூனிஃபார்ம். ரெண்டு கைலயும் இத்தாலி டவல். இந்த வேலை செய்யறவங்களுக்கு அங்க 'த்தேமிரி'ன்னு பேரு. த்தேன்னா அழுக்கு, மிரின்னா தேய்க்கிறது. என் காதுல திமிருன்னுதான் விழுந்துச்சு, அப்புறம் பார்த்தா அதுவும் தப்பில்ல.

என்னைப் பார்த்து அந்தம்மா "இரி வா"ன்னாங்க.

எனக்கு ஒரு நிமிஷம் தலை சுத்திருச்சு. இரிங்கறாங்களா, வாங்கறாங்களா? எங்க ஊருக்குத் தெக்க நாரோயில் பக்கம் போனா இரின்னா உக்காரு. வான்னா வா. உக்காந்துக்கிட்டு எப்படி வர்றது? நான் பாதி தூரத்துல இருந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். அவங்க திரும்ப "இரி வா". நான் எந்திரிச்சேன். திரும்ப "இரி வா, இரி வா". உக்காந்தேன். கொரிய பாஷைல அது முழுசுமே 'இங்க வா'தானாம். அண்ணி வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் கட்டில்ல படுக்க வச்சாங்க.

ஒரு வாளி வெந்நிய மேல ஊத்தினாங்க பாருங்க, ஆட்டுக்குட்டிய ஆத்துல கழுவறோமே, அப்படி. அப்புறம் ஆரம்பிச்சுது. வலிக்குதுன்னு சொல்ல முடியாது, வலிக்கலன்னும் சொல்ல முடியாது. கழுத்து, தோள், கக்கம், விலா, தொடை உள்பக்கம், விரல் இடுக்குன்னு ஒரு இடம் விடல, என் கைய என்னோட பர்மிஷன் இல்லாம தூக்கி தன் தோள்ல போட்டுக்கிட்டு தேய்க்கிறாங்க, ஒரு பக்கம் முடிஞ்சா இடுப்புல பட்டுன்னு ஒரு தட்டு, புரளணும்னு அர்த்தம். மல்லாக்க, ஒருக்களிச்சு, குப்புற, மறுபடி ஒருக்களிச்சு. வாணலில மீன் பொரிக்கிற கணக்கு. நடுவுல ஒரு தடவை என் தோளைத் தட்டிக் கூப்பிட்டு, முழங்கைய பாருன்னு காமிச்சாங்க. பார்த்தேன். சாம்பல் கலர்ல, நூல் நூலா, பென்சில் எழுத்தை ரப்பர் வச்சு அழிச்சா வருமே அந்தத் தூள் மாதிரி, ஆனா சேமியா நீளத்துக்கு, கை பூரா உருண்டு கிடக்கு. அது நான். அந்தம்மா அதை ஏதோ விளைச்சல் மாதிரி பெருமையா பார்த்துட்டு "த்தே மானா"ன்னாங்க. அழுக்கு நெறையன்னு அர்த்தம். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த அண்ணி கேட்டுட்டு சிரிக்கிறாங்க.

மானம் போச்சு. நான் தெனமும் ரெண்டு வேளை குளிக்கிறவ. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு சீயக்காய் போட்டுக் குளிக்கிறவ. இந்த ஊர்க்காரங்க குளிருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிப்பாங்களோ என்னமோன்னு மனசுக்குள்ள கொஞ்சம் இளக்காரமாக்கூட நினைச்சிருந்தேன். முப்பத்தாறு வருஷ குளியலும் சும்மா தண்ணி தெளிச்சதுதான்னு அந்த சேமியா சொல்லிருச்சு.

இதோட முடியல. குப்புறப் படுத்து முதுகு தேய்க்கிறப்போ அந்தம்மா கை திடீர்னு நின்னுச்சு. என்னடான்னு திரும்பிப் பார்த்தா, வெள்ளை டவல்ல என் காலைத் தொடைச்சிருக்காங்க, டவல் மஞ்சளா இருக்கு. மூஞ்சில ஒரு பயம். என் கண்ணை இழுத்துப் பார்த்தாங்க, மஞ்சக் காமாலையோன்னு. மொத நாள்தான் ஊர்ல இருந்து கொண்டு போன பூசு மஞ்சளைக் குழைச்சு கால்ல நல்லாப் பூசியிருந்தேன், பொங்கல் வாரம் இல்லையா. அதை எப்படிச் சொல்றது? அண்ணிகிட்ட மஞ்சள், பொடி, மசாலான்னு கையால அபிநயம் பிடிச்சேன், அவங்களுக்குப் புரிஞ்சு சத்தமா "காரே!"ன்னாங்க. காரேன்னா கறி. மஞ்சக்குழம்புப் பொடி. இந்தப் பொண்ணு உடம்புக்குக் குழம்புப் பொடி பூசியிருக்கான்னு சேதி ஒரு தொட்டில இருந்து இன்னொரு தொட்டிக்குப் போகுது, சிரிப்பு சத்தம் அலை மாதிரி போய்த் திரும்பி வருது, செயினை எடை பார்த்த பாட்டி கிட்ட வந்து என் காலை மோந்தே பார்த்துட்டாங்க. நாமதான் ஊர் ஊராப் போய் அடுத்தவங்க பழக்கத்தைப் பார்த்து சிரிக்கப் போறோம்னு நினைச்சுட்டுப் போறோம். அன்னிக்கு அந்தக் குளியல் வீட்டுல இருந்த பெரிய காமெடி ஐட்டம் நான்தான்.

கடைசில வெள்ளரிக்காயத் துருவி மூஞ்சில அப்பி, தலைக்கு ஷாம்பு போட்டு, குழந்தை எண்ணெய் தடவி, முதுகுல பளார்னு ஒரு அடி. முடிஞ்சுது எந்திரின்னு. அந்த அடிதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க ஆச்சியும் சரியா அப்படித்தான் முடிப்பா, படித்துறைல பீர்க்கங்கூடு போட்டு முதுகைத் தேய்ச்சுட்டு ஈரக்கையோட ஒரு அறை, "போ, முங்கு"ன்னு. அவ போய் இருபது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என் முதுகை வேற யாரும் தேய்ச்சதில்ல. கண்ணு கலங்கினது வெந்நி ஆவியாலன்னு அண்ணி நினைச்சிருப்பாங்க.

20,000 வோன் ஆச்சு. வெளிய வந்து வாழைப்பழப் பால் குடிக்கணும், அது அங்க சம்பிரதாயம், 1974ல இருந்து அதே குண்டு பாட்டில்ல வருது, பழைய காலத்து வெள்ளைப் பீங்கான் ஜாடிய பார்த்து செஞ்ச ஷேப்பாம். தோலைத் தொட்டுப் பார்த்தா என் கன்னம் மாதிரியே இல்ல, பையன் பொறந்தப்போ அவன் கன்னம் இருந்த மாதிரி இருந்துச்சு. ஒரு வாரம் நானே என்னைத் தடவிக்கிட்டுத் திரிஞ்சேன். அடிக்கடி போனா தோல் எரிச்சல் ஆகும்னு ஸ்கின் டாக்டருங்க சொல்றாங்க, நான் மாசத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டேன்.

வீட்டுக்காரர் கதை தனி. அவரை ஆபீஸ்ல டீமோட ஜிம்ஜில்பாங் கூட்டிட்டுப் போயிருக்காங்க, ராத்திரி பூரா இருக்கலாம், உப்பு ரூம், களிமண் ரூம், ஐஸ் ரூம் எல்லாம் இருக்கும், டவலை ஆட்டுக்கொம்பு மாதிரி சுருட்டித் தலைல வச்சுக்கிட்டு கல்லுல சுட்ட முட்டையும், சிக்கேன்னு ஒரு பானமும் குடிப்பாங்க (நீராகாரத்துல சர்க்கரை போட்டு ஐஸ்ல வச்ச மாதிரி இருக்கும், சோத்துப் பருக்கை கூட மிதக்கும்). அதெல்லாம் துணியோடதான். ஆனா அதுக்கு முன்னாடி குளிக்கற எடம் ஒண்ணு இருக்கே. இவர் ஜட்டியோட உள்ள போயிருக்கார், எதிர்ல மேனேஜர் பொறந்த மேனியா வந்து குனிஞ்சு வணக்கம் சொல்லியிருக்கார், இவரும் குனிஞ்சு வணக்கம் சொல்லியிருக்கார். அப்புறம் மேனேஜர் முதுகைத் திருப்பி பச்சை உறையக் குடுத்து தேய்க்கச் சொல்லியிருக்கார். தேய்ச்சாராம். இன்க்ரிமெண்ட் வந்துச்சான்னு கேட்டேன், பதில் சொல்லல.

குளியலுக்கு அப்புறம் தைரியம் வந்து க்ரீம் கடைக்குள்ளயும் நுழைஞ்சேன். அங்க சேல்ஸ் பொண்ணு என்னைப் பார்த்ததும் "முகம் சின்னதா இருக்கு"ன்னுச்சு, ட்ரான்ஸ்லேட்டர் அப்படித்தான் சொன்னுச்சு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. நம்ம ஊர்ல முகம் சின்னதாப் போச்சுன்னா மனசு நொந்து இருக்கான்னுதானே அர்த்தம், வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தது அவ்ளோ அப்பட்டமாவா தெரியுதுன்னு நினைச்சேன் (போட்டுட்டுத்தான் போயிருந்தேன்). பார்த்தா அங்க அது பெரிய பாராட்டாம். அந்த சந்தோஷத்துல பவுடர் பார்க்கலாம்னு கேட்டா 21, 23ன்னு ரெண்டே நம்பர். 23தான் இருக்கறதுலயே கறுப்பு ஷேடுன்னு கன்னத்துல அப்பிவிட்டுச்சு. கண்ணாடில பார்த்தா பழனிக்குப் போய் திருநீறு பூசிக்கிட்டு வந்த மாதிரி இருக்கேன். அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்டுச்சு, நான் பரவாயில்லம்மான்னேன். வெள்ளையாகறதுக்குன்னே அங்க க்ரீமுக்கு சர்க்கார்ல தனி வகையே இருக்கு, நாம மட்டும் யோக்கியமா என்ன, 2020ல ஃபேர் அண்ட் லவ்லி ட்யூப்ல பேரை மாத்தினதோட நம்ம சீர்திருத்தம் முடிஞ்சுது.

நத்தைச் சளி க்ரீமைத் தொடவே மாட்டேன்னு நகர்ந்து போய், இலை படம் போட்ட ஒரு டப்பாவை எடுத்தேன். சிவப்பு, எரிச்சல், வெடிப்பு எல்லாத்துக்கும் கேக்கும்னு அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுச்சு, 28,000 வோன், நம்ம காசுக்கு ஆயிரத்தி எழுநூறு. வீட்டுக்கு வந்து இலைப் படத்தை உத்துப் பார்க்கறேன், எங்கயோ பார்த்த மூஞ்சி. பேரை போன்ல போட்டுத் தேடினா வல்லாரை. எங்க வாய்க்கால் வரப்புல மிதிச்சுக்கிட்டுப் போற வல்லாரை. பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்து அம்மா தெனமும் துவையல் அரைச்சு தலைல கட்டுவாளே, அதே வல்லாரை. அது ஞாபக சக்திக்கு நல்லதுன்னு சொல்லுவா. ஞாபகம் இருந்திருந்தா கடைலயே கண்டுபிடிச்சிருப்பேன்.

அதுக்கப்புறம் அண்ணி அரிசி களைஞ்ச தண்ணில மூஞ்சி கழுவுன்னு சொன்னப்போ நான் அலட்டிக்கல. கழனித்தண்ணி எங்க ஊர்ல மாட்டுக்குன்னு மட்டும் சொன்னேன். மாட்டுத் தோல் எப்படி மினுமினுன்னு இருக்கு பார்த்தியான்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல. அவங்க பாட்டி காலத்துக்கும் முன்னாடி, ராஜா காலத்துல பாசிப்பயறை அரைச்ச மாவுலதான் குளிப்பாங்களாம். பயத்தமாவுன்னு எங்களுக்கும் இருக்குன்னேன். பதிலுக்கு நானும் ஒண்ணு கத்துக் குடுத்தேன். குளிருல தேங்காண்ணெய் பாட்டில் வெள்ளைக்கல்லா உறைஞ்சு கிடக்கும், அங்க வீட்டுத் தரை அடில சூடு ஓடும், பாட்டிலைத் தரைல படுக்க வச்சா கொஞ்ச நேரத்துல உருகிடும். அப்படி உருகின எண்ணெய வச்சு ஒரு நாள் அண்ணி தலைல தேய்ச்சு மசாஜ் பண்ணி விட்டேன். உச்சந்தலைல நாலு தட்டு தட்டினதும் பயந்துட்டாங்க. அப்புறம் அப்படியே தூங்கிட்டாங்க.

டிசம்பர்ல ஊருக்குக் கெளம்பறப்போ எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருபது இத்தாலி டவல் வாங்கிட்டு வந்தேன். அம்பாசமுத்திரம் போய் அம்மாவுக்கு ரெண்டு குடுத்து, இந்தக் கதையெல்லாம் விலாவாரியா சொல்லி, எப்படி ஊறணும், எப்படித் தேய்க்கணும், எந்தப் பக்கமாத் தேய்க்கணும்னு என் கைலயே டெமோ வேற காமிச்சேன். அம்மா எல்லாத்துக்கும் உம் உம்னு தலையாட்டினா. ரெண்டு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை காலைல எந்திரிச்சு வந்து பார்க்கறேன், கொல்லைல குத்துக்காலிட்டு உக்காந்து கைல பச்சை உறைய மாட்டிக்கிட்டு புளியத் தொட்டுத் தொட்டு குத்துவிளக்கைத் தேய்ச்சுக்கிட்டிருக்கா.

"ஏட்டி, நல்லா பளபளங்குட்டி. இன்னும் நாலு குடுத்துட்டுப் போ."